காதுகள் தெரிய

ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன்:
சிரிக்காதீங்க. பல்லுத் தெரியப்படாது.
ரெண்டு காதும் தெரியோணும்.
களுவாஞ்சிகுடியில், பிரதேச செயலகத்துக்கு எதிரே,
பதினாறு வருசம்
வெள்ளைச் சீலைக்கு முன்னால் ஆட்களை இருத்தி
நாடு நாடாக அனுப்பியவள் நான்.

படிவங்களையும் நானே நிரப்பினேன்.
நோக்கம்: மகளின் பிள்ளைப்பேறு.
நோக்கம்: தம்பியின் கலியாணம்.
கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க,
காசு மூணு மாசம் கணக்கில அசையாமக் கிடக்கட்டும்,
காணி உறுதியை மேலால வெச்சிரிங்க.
திரும்பி வந்து நன்றி சொன்னவர்கள் உண்டு.
திரும்பி வராமலே நன்றி சொன்னவர்கள்தான் கூட.

போன மாசியில் ஒருநாள்
கடையை உள்ளால் பூட்டிவிட்டு
என்னை நானே படம்பிடித்தேன்.
பத்து வினாடி. அழுத்திவிட்டு ஓடிப்போய்
முக்காலியில் இருக்கவேணும்.
ஐந்தாவது தடவையில்தான்
மூச்சு வாங்காத முகமொன்று கிடைத்தது.

நோக்கம் என்ற கட்டத்தில் விரல் நின்றது.
ஆனி மாதம் இரவே வராத நாடு அது;
நடுச்சாமத்தில் வெயில் எறிக்கிற கடற்கரை.
யாரோ விட்டுப்போன கலண்டரில் கண்டது.
அவ்வளவுதான்.
'பார்க்க' என்று எழுதினேன்.

கொழும்பில், கண்ணாடிக்கு அப்பால்
பூனைக்கண் பெண்ணொருத்தி.
பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர்,
கழுத்துப்பட்டி கட்டிய வடக்குத் தமிழ்.
"அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?"
ஒருத்தருமில்ல.
"ஒண்டுவிட்ட சகோதரங்கள்?"
ஒருத்தருமில்ல.
"பிறகேன் போறியள்?"
வெயிலப் பாக்க.

பங்குனியில், மட்டக்களப்பிலிருந்து,
வெயில் பார்க்கப் புறப்பட்டவளை
அவர் ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார்.
அதை எந்த ஆங்கிலத்தில் சொன்னாரோ.

கலியாணம்? இல்ல.
பிள்ளைகள்? இல்ல.
அப்படியானால் எதற்காகத் திரும்பி வருவீர்கள்?

இந்தக் கேள்விக்கு
ஊராருக்குச் சொல்லிக்கொடுத்த பதில்கள்
என்னிடம் ஒன்பது இருந்தன.
உறுதி இருந்தது, கோப்பில், மேலாக.
வாயில் வந்ததோ:
"ஏன் வராம? பாத்திட்டு
மறுகா கிறுகி வருவன்தானே."

"கிறுகி?"
அவர் தன் தலையைச் சுற்றி விரலால் காட்டினார்.
"தலைச்சுற்றோ? வருத்தம் ஏதும் இருக்கோ?"
"இல்ல. கிறுகி. போன வழியால."
நானும் காற்றில் ஒரு வட்டம் போட்டேன்.
கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண்
இரண்டு வட்டங்களையும் பார்த்துவிட்டு
நீளமாக ஏதோ எழுதினாள்.
எல்லாம் சேர்த்து நாலு நிமிடம் இருக்கும்.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போது விழித்தேன்.
வாவிக்குமேல் சூரியன் வந்துகொண்டிருந்தது,
வழக்கமான நேரத்துக்கு.

பதினோராம் நாள் உறை வந்தது.
'நீர் திரும்பிச் செல்வீர் என்பதில்
எமக்குத் திருப்தியில்லை.'
பக்கத்துக் கட்டத்தில் ஒரு சரி.
பழக்கதோசம், இரண்டு கொப்பி எடுத்தேன்.
மூடிக்கு அடியில் பச்சை வெளிச்சம்
அந்த விளிம்புவரை போய்க்
கிறுகி வந்தது.

அதற்குள் வாசலில்
பெரியநீலாவணைப் பொடியன், சஞ்சுதன்.
"அக்கா, நோக்கமெண்டதில என்ன போடுற?"
"அங்க ஆரு இரிக்கா?"
"பெரியம்மாட மகன்."
"அதப் போடு. வேறொண்டும் போடாத."

சீலைக்கு முன்னால் இருத்தினேன்.
காதை மூடிய முடியை ஒதுக்கிவிட்டேன்.
ஒரு வசனம் சொல்ல மறந்துபோனேன்.
பாவி, சிரித்துவிட்டான்.

மறுகா ஒன்று எடுத்தோம், சரியானது.
சிரித்ததற்குக் காசு வாங்கவில்லை.